அரக்கு நூல் வைத்த பக்கம்

மதினி,

நேற்று மத்தியானம் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு புத்தகம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "தறிக்குப் பின்னால செவுத்து மாடாக்குழியில கெடந்துச்சு தங்கச்சி. அவ போனதுலேருந்து பாதியில நிக்கி. இதை முடிக்காம வச்சிருக்கியே" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அட்டையில் தறியின் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி மணம். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய அன்று மையும் பசையுமாக மணத்த நாவல், இந்த ஒரு வருசத்தில் உங்கள் தறிக்கூடத்து மணத்துக்கு மாறிவிட்டது. பிரித்தேன். அறுபத்துநாலாம் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஓர் அரக்கு நூல். அன்றைக்கு உங்கள் தறியில் ஓடிய சேலையின் முந்திக் கலர்.

வேறு யாராக இருந்தாலும் பக்கத்தின் முனையை மடக்கி வைப்பார்கள். நீங்கள் அன்றன்றைக்கு ஓடுகிற நூலில் ஒரு துண்டு கிள்ளி வைப்பீர்கள். எழுத்துத் தெரியாத உங்களுக்கு அதுதான் பக்க எண். என் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் நாவல்களை இன்றைக்குத் திறந்தாலும், எந்தக் கொலை எந்தச் சேலை நெய்த நாளில் விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த அரக்கு நூல் நீங்கள் வைத்த கடைசி நூல்.

குற்றாலத்தில் ஒரு பங்களா. பணக்காரக் கிழவி ஒருத்தி மத்தியான வேளையில் பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறாள். டாக்டர் மேல் சந்தேகம், டிரைவர் மேல் சந்தேகம், கிழவியின் தங்கை மகள் மேல் சந்தேகம். சமையல்காரி மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. மத்தியானம் முழுக்கப் பின்கட்டு ஆட்டுரலில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் அழுகிறாள். போலீசும் சரி என்று விட்டுவிடுகிறது. அடுத்த வரிக்கு நான் போவதற்குள் உங்கள் ராட்டை நின்றது.

"ஏட்டி, நில்லு. மாவு ஆட்டுனேன்னு அவதானே சொல்லுதா? வேற யாரும் பாத்தாகளா?"

"பாத்ததாப் போடலை மதினி."

"அப்ப நாளைக்குக் காலையில அந்த வீட்டுல என்ன பலகாரம்னு பாரு. இட்லி இல்லேன்னா அவதான்."

அதோடு நூலைக் கிள்ளி வைத்தீர்கள். அண்ணாச்சி தறியில் உட்காரும் நேரம் ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டு போனோம். திரும்பி வரும்போது நீங்கள் பேசவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் எங்கே என்று நான் தேடவே இல்லை. பார்த்தால் அழுகை வரும், அதனால்தான் தேடவில்லை என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். அழுகைக்கு நான் பயந்தவளா? என் பயம் வேறு. பன்னிரண்டு வருசத்தில் நீங்கள் ஒரு கொலைகாரனைக்கூடத் தவறவிட்டது கிடையாது. கடைசியாகச் சொன்னது பொய்த்துப் போயிருந்தால்? அந்தப் பங்களாவில் மறுநாள் காலை ஆவி பறக்க நாலு இட்லி தட்டில் உட்கார்ந்திருந்தால்? அதை என் வாயால் எப்படி வாசிப்பேன்?

நேற்று வாசித்துவிட்டேன். சொல்லுகிறேன். உங்களிடம் பேசி ஒரு வருசம் ஆகிறது, அதனால் முதலில் மற்றதைப் பேசிக்கொள்கிறேன்.

நீங்கள் போன பிறகும் மாசம் இரண்டு நாவலுக்குக் குறையவில்லை. பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைத் தூரத்தில் கண்டதுமே, "ஆச்சி, உங்களுக்கு ஒண்ணு தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்று குரல் கொடுக்கிறார். போன மாசத்து நாவலில் கொலை செய்தது ஒரு கம்ப்யூட்டராம். பட்டனைத் தட்டினால் பல்பு எரியும், ஆள் செத்துப்போவான். கடைசிவரை படித்துவிட்டு, இப்போது யாரைப் பிடித்து எந்த ஜெயிலில் போடுவார்கள் என்று தவித்தேன். கொலைகாரனுக்கு ஒரு முகம் வேண்டாமா மதினி? அதற்கு முந்தின மாசம் ஒரு பேய்க்கதை. எஸ்டேட் பங்களாவில் ஒரு பேய், எலுமிச்சம்பழம் ஒன்றைக் கண்டு அலறி ஓடுகிறது. அதைப் புளியங்குடிச் சந்தைக்குக் கூட்டி வந்து மலையாகக் குவித்திருக்கிற எலுமிச்சையைக் காட்டியிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே கதை முடிந்திருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே இதைச் சொல்லிவிட்டேன். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் உங்கள் ராட்டை இருந்த இடத்தைப் பார்த்தார்கள். இந்த மாதிரிப் பேச்சு அங்கிருந்துதானே வரும்?

நான் அஞ்சாம் வகுப்பு. அந்த அஞ்சையும் முழுசாகப் படித்தவள். பிறகு ராட்டைக்கு வந்தவள் எழுத்துப் பக்கம் போனதில்லை. எதிர்வீட்டுக்காரியான நீங்கள்தான், கடையில் சாமான் கட்டி வந்த தாளை நான் நின்றபடி வாசித்ததைப் பார்த்துவிட்டு, "அதை எங்களுக்கும் சத்தமாச் சொல்லேன்" என்றீர்கள். அந்தத் தாளில் இருந்தது ஒரு தொடர்கதையின் நடுப்பக்கம். கிணற்றில் ஒரு கை மிதக்கிறதோடு தாள் கிழிந்துபோயிருந்தது. யாருடைய கை என்று தெரியாமல் நாலு பெண்கள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் என்னைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி முழு நாவல் ஒன்று வாங்கி வரச் சொன்னீர்கள். அப்படித் தொடங்கியதுதான்.

அண்ணாச்சி சாப்பிட்டுப் படுத்ததும் தறிச் சத்தம் ஓயும். அந்த ஒன்றரை மணி நேரம் நமக்கு. நாலு ராட்டை வட்டமாக உட்காரும். தறியில் அங்குமிங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்க, குச்சியில் நூலைச் சுற்றித் தார் ஆக்குகிற வேலைக்குக் கை போதும், காது சும்மாதானே கிடக்கும். என் பங்குத் தாரை நீங்கள் நாலு பேரும் பிரித்துச் சுற்றித் தருவீர்கள். "வாசிக்கிறவ கையில நூல் இருக்கக் கூடாது" என்பது உங்கள் சட்டம்.

அண்ணாச்சிக்கு அதுதான் ஆகாது. பேய் வருகிற அத்தியாயத்தில் சுற்றிய தார் எல்லாம் இளகிக் கிடக்கும். கொலை விழுகிற அத்தியாயத்தில் சுற்றியது இறுகிப்போய், நெய்யும்போது நூல் அறும். அவர் ஒரு தாரைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தே, "இன்னைக்கு என்ன, பேயா?" என்று கேட்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

பேய் என்றால் உங்களுக்கு ஒரு துளி மரியாதை கிடையாது. வெள்ளைச் சேலை கட்டிக் கொலுசு குலுங்க ஒருத்தி வந்தாள் என்று நான் குரலைத் தாழ்த்தி வாசித்தால், "பேய்க்கு எதுக்குட்டி கொலுசு? வாரேன், வாரேன்னு சொல்லிட்டு வாரதுக்கா?" என்பீர்கள். நாகம் பழிவாங்குகிற கதைக்கு உங்கள் தீர்ப்பு, "நம்ம ஊருக்காரிகிட்டயே பாம்பைக் காட்டிப் பயமுறுத்தப் பாக்காரு. கோமதியம்மன் கோயில் புத்துமண்ணை நெத்தியில பூசிட்டுத்தானே தெனமும் வேலைக்கு உக்காருதோம்?"

ஆனால் ஒரு நாவல் என்னை ஆட்டிவிட்டது. எட்டிப் பார்ப்பவரின் குரலிலேயே பதில் பேசுகிற கிணறு. இரண்டு நாள் நான் தண்ணீர் இறைக்கப் போகவில்லை. மூன்றாம் நாள் பட்டப்பகலில் நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். கிணற்றுச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து, "ஏ கெணறு! போன மாசம் விழுந்த எங்க வீட்டு வாளி எங்கன இருக்கு? சொல்லு பாப்போம்!" என்று கத்தினீர்கள். உள்ளேயிருந்து "பாப்போம்" என்று வந்தது. "பாத்தியா, அதுக்கே தெரியலையாம். தேடிப் பாக்கேன்னு சொல்லுது" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் அந்தக் கதையின் பயம் போனது போனதுதான்.

இப்போது முருகையா கதைக்கு வருகிறேன். நம் கதைகளில் எது பெரிசு என்று கேட்டால் அதுதானே?

நம்மூர் மாதிரி ஒரு நெசவு ஊர். ஜவுளிக்கடை முதலாளியை யாரோ கொன்றுவிடுகிறார்கள். மெட்ராசிலிருந்து கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒரு துப்பறிவாளர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். முதலாளியின் பங்காளி மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். ஆனால் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவன் வீட்டிலிருந்து ஒரு நிமிஷம்கூட நிற்காமல் தறிச் சத்தம் கேட்டது என்று அன்றைக்கு லீவில் இருந்த பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் சாட்சி சொல்லிவிட்டார். ஆக, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் முருகையாதான் கொலைகாரன் என்று பிடித்து ஆயுள் தண்டனை போட்டுவிட்டார்கள். நாவல் முடிந்தது. நான் புத்தகத்தை மூடினேன். உங்கள் முகம் சிவந்திருந்தது.

"தார் யாருட்டி மாத்துனா?"

"எந்தத் தாரு?"

"நிக்காம சத்தம் கேட்டுச்சுங்கான்லா. நாடாவுக்குள்ள வைக்கிற தாரு எம்புட்டு நேரம் வரும்? ஒரு வெத்தலையை மென்னு துப்புறதுக்குள்ள தீர்ந்துரும். தீர்ந்தா தறியை நிறுத்தி வேற தாரு வைக்கணும். சாயந்தரம் வரைக்கும் ஒரே தாருல நெய்யுததுக்கு அது என்ன தாரா, தேரா?"

நாலு ராட்டையும் நின்றுவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்தப் பேய்க்கதைக்கும் அப்படி ஆனதில்லை.

"டேப்புல பிடிச்சு ஓட விட்டிருப்பானோ மதினி?" என்று கேட்டேன்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "கேசட்டையும் அரை மணிக்கு ஒருக்கா திருப்பிப் போடணும்லா?"

அண்ணாச்சி! தூங்குகிறார் என்று இத்தனை வருசமும் நாம் குரலைத் தணித்துத் தணித்து வாசித்த அதே அண்ணாச்சி! நீங்கள் அவரை ஒரு பார்வை பார்த்தீர்கள். அவர் அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் தாடையில் கை வைத்து யோசித்தீர்கள்.

"துப்பறியறவன் மறுநாள் பங்காளி வீட்டுக்குப் போனான்லா? அந்த இடத்தைத் திருப்பி வாசி."

வாசித்தேன். பங்காளியின் மனைவி காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து டீ கொடுத்தாள் என்று இருந்தது. அவ்வளவுதான். ஏன் தாங்கினாள் என்று கதை முழுக்க ஒரு வார்த்தை இல்லை.

"அவதான்! புருசன் அங்கன கொலை பண்ணப் போயிட்டான். இவ வெறும் நாடாவை வச்சுத் தறியை மிதிச்சிருக்கா. நூலே இல்லேன்னா தாரு எதுக்கு மாத்தணும்? நிக்காமத்தான் ஓடும். மிதிச்சுப் பழகாத பொம்பிளைக்குக் கால் வீங்காம என்ன செய்யும்? மாத்தலாகி வந்த மேனேஜருக்கு வெறுந்தறிச் சத்தம் தெரியுமா, நெய்யுத சத்தம் தெரியுமா? ஏட்டி, முருகையா நிரபராதி. எழுத்தாளருக்குக் காயிதம் போடு."

அண்ணாச்சி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அஞ்சாங்கிளாசும் கைநாட்டும் சேந்து மெட்ராஸ் எழுத்தாளருக்கே தப்பு கண்டுபிடிச்சாச்சோ? எழுதுங்க, எழுதுங்க. குப்பைத்தொட்டி நெறையட்டும்."

"ஆடித் தபசுக்குள்ள பதில் வரும்" என்றீர்கள். "வரலேன்னா இந்தக் கூடத்துல இனிமே கதை கெடையாது. வந்துட்டா நீங்க வாயைத் தெறக்கக் கூடாது. சம்மதமா?"

நான் உங்கள் தொடையில் கிள்ளினேன். நமக்கு இருந்த ஒரே சுகத்தைப் பந்தயத்தில் வைத்துவிட்டீர்களே! நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடிதம் எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. பேத்தியின் நோட்டில் ஏழு தாள் கிழித்தேன். தார் என்றால் என்ன, நாடா என்றால் என்ன, வெறுந்தறி என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக எழுதினேன். முடித்ததும், "சொன்னா நம்ப மாட்டாரு. கையில பிடிச்சே பாக்கட்டும்" என்று நீங்கள் ஒரு தாரை உங்கள் கையாலேயே சுற்றி, துணியில் பொதிந்து, ஓரம் தைத்துக் கடிதத்தோடு கட்டினீர்கள். பேயும் இல்லை, கொலையும் இல்லை, அந்தத் தார் ஒரே சீராக இருந்தது.

தபசுத் திருவிழா வந்தது. கோமதியம்மன் கோயில் தெருவில் கூட்டம் நெரித்தது. தபால் வரவில்லை. மறுநாள் நீங்களே நாவல்களை ஒரு சாக்கில் கட்டிப் பரண் மேல் போட்டீர்கள். "சொன்னா சொன்னதுதான்" என்றீர்கள். மூன்று வாரம் மதினி! நாலு ராட்டை மட்டும் கிறுகிறு என்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தி தூங்கி விழுவாள், ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள். தார் ஒன்று இளகும், ஒன்று இறுகும், ஒன்று நடுவில் புடைக்கும். அண்ணாச்சி தாரை எடுத்து அழுத்திப் பார்ப்பார். என்ன அத்தியாயம் என்று சொல்லத் தெரியாமல் திரும்ப வைத்துவிடுவார்.

நாலாவது வாரம் தபால்காரர் வந்து, "தாரு அனுப்பிச்ச அம்மா வீடு எது?" என்று தெருவில் நின்று கேட்டார். உறையின் மேலேயே அப்படி ஒரு வரி எழுதியிருந்தது. அண்ணாச்சி தறியை நிறுத்தினார். நான் கூடத்தின் நடுவில் நின்று வாசித்தேன். அந்தக் கடிதம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"அம்மா, நீங்கள் அனுப்பிய தாரை என் மேஜை மேல் வைத்து, ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நூலைப் பிரித்துப் பார்த்தேன். வெட்கப்பட்டேன். அந்தப் பெண் காலைத் தாங்கி நடந்தாள் என்று ஏன் எழுதினேன் என்பது எனக்கே தெரியாது. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். முருகையாவை வெளியே கொண்டு வருகிறேன். இனித் தறி பற்றி எழுதினால் உங்களைக் கேட்காமல் எழுத மாட்டேன்."

நீங்கள் கத்திய கத்தலில் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் ஓடி வந்தது. அண்ணாச்சி தறியை விட்டு எழுந்தார். ஏணியைச் சாத்தினார், பரணில் ஏறினார், சாக்கைத் தம் தலையிலேயே சுமந்து இறக்கி நடுக் கூடத்தில் வைத்தார். பதில் கெடு தாண்டி வந்திருந்தும், பந்தயப்படி வாயைத் திறக்கவில்லை. ஆனால் உதட்டோரம் சிரிப்பு ஒன்று ஒளிந்திருந்ததை நான் பார்த்தேன்.

மூன்று மாசம் கழித்து அடுத்த நாவல் வந்தது. முதல் அத்தியாயத்திலேயே முருகையா ஜெயில் கதவைத் தாண்டி வெயிலில் வந்து நிற்கிறான். பங்காளியும் மனைவியும் உள்ளே போகிறார்கள். முகப்பில் தனியாக ஒரு வரி: 'முருகையாவை விடுதலை செய்தவர்கள் சங்கரன்கோவிலில் இருக்கும் இரண்டு பெண்கள்.' மூன்று தடவை வாசிக்கச் சொன்னீர்கள். பிறகு, "இதுல நான் எங்கன இருக்கேன்?" என்று கேட்டீர்கள். உங்கள் விரலைப் பிடித்து 'இரண்டு' என்ற எழுத்தின் மேல் வைத்தேன். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் அந்த ஒரு வார்த்தை உங்களுக்கு அடையாளம் தெரியும். "இந்தா, நாம" என்று தொட்டுக் காட்டுவீர்கள்.

சரி, நேற்றைக்கு வருகிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கூடத்துக்குப் போனேன். இப்போது ஆறு ராட்டை. அண்ணாச்சி படுக்கவில்லை. தறிப் பலகையிலேயே கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அறுபத்துநாலாம் பக்கத்தைத் திறந்து, நீங்கள் சொன்னதை முதலில் சொன்னேன். இட்லி இல்லேன்னா அவதான். அரக்கு நூலை எடுத்து என் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டேன். ராட்டைகளை நிறுத்தச் சொன்னேன். பக்கத்தைப் புரட்டினேன்.

'மறுநாள் காலை சாரல் விட்டிருந்தது. துப்பறிவாளர் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். சமையல்காரி சூடாக உப்புமா கொண்டு வந்து வைத்தாள்.'

உப்புமா! மதினி, உப்புமா!

ஆறு பெண்களும் போட்ட கூச்சலில் ஒரு ராட்டை கவிழ்ந்தே போனது. சின்னவள் ஒருத்தி மட்டும், "சாரல்ல மாவு பொங்கலையோ என்னமோ" என்று இழுத்தாள். நான் விடுவேனா? "பொங்கலேன்னா தோசை சுடுவா. ஆட்டுன மாவை வச்சுக்கிட்டு யாருட்டி ரவையை வறுப்பா?" என்றேன். அண்ணாச்சி தறிக்கட்டையைப் பிடித்தபடி, "அவ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார்.

மீதியையும் வாசித்து முடித்தேன். கடைசியில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? டிரைவர்தான் கொலைகாரனாம். விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். சமையல்காரி வாசலில் நின்று கண்ணைக் கசக்குகிறாள். கண்ணைக் கசக்குகிறாளாம்! எழுதியவரும் நம்ம முருகையாவின் எழுத்தாளர்தானே. தறிக்குத்தான் நம்மைக் கேட்டு எழுதுவேன் என்றார். மாவைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை.

ஒரு கணம்கூட நான் கலங்கவில்லை. அவர் தப்பு, நீங்கள் சரி. அவ்வளவுதான். முன்னே என்றால் அச்சில் இருப்பதெல்லாம் வேதம் என்று நம்பியிருப்பேன். அச்சடித்தவனைப் பார்த்து 'நில்லு' என்று சொல்லலாம் என்பதை உங்களிடம்தான் கற்றேன். வங்கிக்குப் போனாலும் தாலுகா ஆபீசுக்குப் போனாலும் நீட்டிய தாளை முழுக்க வாசித்து, "நில்லுங்க, இது என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சொல் என்னோடேயே இருக்கிறது.

இன்று காலை அண்ணாச்சியே தபாலாபீசுக்குப் போய் உறை வாங்கி வந்துவிட்டார். "இந்தத் தடவை உள்ள என்ன வைக்கப் போற? மாவையா?" என்று கேட்டார். வேண்டாம், உப்புமா வந்த பக்கத்தின் எண் போதும் என்று சொல்லிவிட்டேன். அரக்கு நூலைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதை அடுத்த நாவலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

கடிதம் முடிந்துவிட்டது. கீழே, 'இப்படிக்கு, சங்கரன்கோவிலில் இருக்கும் இரண்டு பெண்கள்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டு என்ற எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகவே போட்டேன்.

டிரைவர் இப்போது ஜெயிலில்தான் இருக்கிறான். நீங்கள் கவலைப்படாதீர்கள் மதினி. ஆடித் தபசுக்குள் வெளியே கொண்டு வந்துவிடலாம்.